ஒரே பெயரை இருவரும் வைத்தபோது

என் தோழியும் நானும் தினமும் போனில் பேசிக்கொண்டது பெயர்களைப் பற்றித்தான். ஆட்களின் பெயர்கள் அல்ல, கணினி நிரலுக்குள் நாங்கள் வைத்த பெயர்கள். மதியம் மூன்றரை மணி வாக்கில் அவள் கூப்பிடுவாள், இல்லையென்றால் நான்.

"என்னடி, 'பிரி'ன்னு ஏதாச்சும் வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன். ஊர் ஊரா பிரிக்கிறதுக்கு."

"அப்ப நான் 'வகு'ன்னு வச்சுக்கிறேன்" என்பாள்.

விஷயம் அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம் அரைமணி நேரம் பேச்சு ஓடும். அவள் அம்மா வாங்கி வந்த நண்டு, என் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு எந்தப் புடவை, கல்லூரியில் எங்களோடு படித்த யாரோ ஒருத்திக்கு இரட்டைக் குழந்தை. போனை வைக்கும்போது அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கும்.

அவள் கடலோரக் கருக்களாச்சேரிப் பெண். அம்மா, விசைப்படகில் போகும் அண்ணன், அவள். நான் திருநள்ளாறு பக்கத்துக் கிராமம். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் நெல்தான். காரைக்காலில் இன்ஜினியரிங் படித்தபோது நான்கு வருடமும் ஒரே பெஞ்சு. படித்து முடித்து இருவரும் சென்னையில் இரண்டு வருடம் வேலை பார்த்தோம். பிறகு அவரவர் காரணத்துக்காக ஊர் திரும்பினோம். அப்போது டவுனில் ஒரு சிறிய தொண்டு அமைப்பு எங்களை வேலைக்கு எடுத்துக்கொண்டது. மறுநாள் வானிலை எப்படி என்று தினமும் மாலை ஐந்து மணிக்கு எல்லார் போனுக்கும் ஒரு செய்தி அனுப்ப வேண்டும். கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று, வயலில் வேலை இருப்பவர்களுக்கு வேறொன்று. கடலை அவள் எடுத்துக்கொண்டாள், வயலை நான்.

எங்களுக்கு முன்னால் இருந்தவர் அந்த நிரலை லிஸ்ப் என்ற பழைய கணினி மொழியில் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு வெளிநாடு போயிருந்தார். முதலில் அடைப்புக்குறிகளைப் பார்த்து மலைத்தோம். ஒரு மாதத்தில் பிடித்துப்போனது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தாமலே உள்ளே கைவைத்துத் திருத்தலாம். அதைவிட, அதில் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம் என்பதை அவள்தான் ஒருநாள் முயன்று பார்த்துக் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து எங்கள் நிரலில் 'வாசி', 'அனுப்பு', 'தேடு' என்று எல்லாம் தமிழாயின.

டவுனில் இருந்த அலுவலக அறையைக் காலி செய்ய வேண்டி வந்ததும் இருவரும் வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கினோம். சிக்கல் அப்போதுதான் ஆரம்பித்தது. அருகருகே உட்கார்ந்திருந்தவரை என்ன பெயர் வைக்கிறோம் என்று ஒருத்தி திரையை ஒருத்தி எட்டிப் பார்த்துக்கொள்வோம். இப்போது இருவரும் தனித்தனிக் கோப்பில் எழுதுகிறோம். ஆனால் ஓடும்போது இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் விழுகின்றன. இருவரும் ஒரே பெயரை வைத்துவிட்டால், பிறகு ஏறுவது முன்னால் ஏறியதை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் அந்த மூன்றரை மணி போன்.

எல்லாப் பெயருக்கும் முன்னால் 'கடல்', 'வயல்' என்று சேர்த்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவளுக்குப் பிடிக்கவில்லை.

"எங்க வீட்டுல வலையை 'கடல் வலை'ன்னா சொல்றாங்க? வலைன்னா வலைதாண்டி. நீ போன் போடு, பேசிக்கலாம்."

ஒரு தை மாதம். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. அன்று என் வீட்டில் விருந்தாளிகள். காலையில் கிடைத்த ஒரு மணி நேரத்தில் என் கோப்பைக் கொஞ்சம் சுத்தம் செய்தேன். 'மழை-ஆபத்தா?' என்று ஒரு சிறிய பகுதி இருந்தது. மறுநாள் கணிப்பைக் கொடுத்தால் அறுவடைக்கு ஆபத்து உண்டா இல்லையா என்று சொல்லும். பெயர் நீளமாக இருக்கிறதே என்று 'ஆபத்தா?' என்று சுருக்கினேன். அவள் கோப்பிலும் 'ஆபத்தா?' என்று ஒன்று உண்டு என்பது எனக்குத் தெரியும். பல முறை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நினைவில் இல்லை. மூன்றரை மணிக்கு விருந்தாளிகளுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். அவளைக் கூப்பிடவில்லை.

என் கோப்பு பிறகு ஏறுவது. ஏற்றியபோது, இந்தப் பெயருக்கு ஏற்கெனவே இருந்த பொருள் மாற்றப்படுகிறது என்று திரையில் ஒரு வரி வந்தது. சோதித்துப் பார்க்கும்போது தினமும் பத்து முறை வருகிற வரிதான். படிக்காமலே கடந்துவிட்டேன். இரண்டு 'ஆபத்தா?'வும் ஒரே மாதிரி கணிப்பை வாங்கிக்கொண்டு ஆம் அல்லது இல்லை என்று சொல்பவை. அதனால் பிழை என்று எதுவும் நிற்கவும் இல்லை. கடலுக்கு ஆபத்தா என்று அவளுடைய நிரல் கேட்டபோது, பதில் சொன்னது என்னுடையது. மறுநாள் மழை இல்லை. காற்று மட்டும் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில். மழை இல்லாததால் ஆபத்து இல்லை என்று அது சொல்லிவிட்டது.

ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு அவள் கூப்பிட்டாள்.

"என்னடி அனுப்பியிருக்க? கடல் அமைதியா இருக்கும்னு வந்துருக்கு."

"நான் ஒண்ணும் தொடலையே."

"யோசிச்சு சொல்லு. எதையாச்சும் மாத்துனியா?"

சொன்னேன். அவள் திட்டவில்லை. "சரி, பழைய பேரை வச்சு திருப்பி அனுப்பு. நான் கரைக்குப் போறேன்" என்று போனை வைத்தாள். அவசரத்தில் மூன்று முறை தப்பாக அடித்தேன். திருத்திய செய்தி போவதற்குள் இருபது நிமிடம் ஆகிவிட்டது. அதற்குள் அவள் கருக்களாச்சேரிக் கரையில் ஒவ்வொரு படகாக ஓடிச் சொல்லியிருக்கிறாள். அண்ணன் மண்டபத்தூர்க் கரைக்கு பைக்கில் போயிருக்கிறார். எல்லாரும் நின்றுவிட்டார்கள். ஒரே ஒரு ஃபைபர் படகு மட்டும் முதல் செய்தியை நம்பி, வலையை ஏற்றிக்கொண்டு அப்போதே கிளம்பியிருந்தது. மூன்று பேர். போன் எட்டவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்தப் படகு திரும்பியது. வலை போயிற்று, ஒருவருக்குத் தோள்பட்டை பிசகியிருந்தது. ஆள் மூவரும் வந்துவிட்டார்கள். அவள் போன் செய்து, "வந்துட்டாங்கடி" என்று மட்டும் சொன்னாள். நான் அழுதேன். "இந்தா, அழாத. நானும்தான் அந்தப் பேரை வச்சேன்" என்றாள்.

அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. லிஸ்பில் இதற்கு முறையான வழி இருக்கிறது. நாங்கள்தான் சோம்பேறித்தனத்தில் விட்டுவைத்திருந்தோம். பேக்கேஜ் என்பார்கள். பெயர்களுக்கென்று தனித்தனி இடம். 'கடல்' என்று ஒரு பேக்கேஜ், 'வயல்' என்று ஒன்று. அவள் இடத்தில் அவள் 'ஆபத்தா?' வைத்துக்கொள்ளலாம், என் இடத்தில் நானும் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் வேறு வேறு. ஒன்று மற்றதைத் தொடாது. வெளியே எந்தப் பெயர் தெரிய வேண்டுமோ அதை மட்டும் அறிவித்தால் போதும். செய்தி அனுப்பும் மையப் பகுதி 'கடல்:ஆபத்தா?', 'வயல்:ஆபத்தா?' என்று இடத்தைச் சொல்லித் தெளிவாகக் கூப்பிடும். அறிவிக்காத பெயர் உள்ளேயே இருக்கும். அதையும் எடுக்க வேண்டுமென்றால் இரண்டு முக்காற்புள்ளி போட்டு எடுக்கலாம், ஆனால் அது அடுத்தவர் அலமாரியைக் கேட்காமல் திறப்பது மாதிரி. ஒருவர் இடத்தில் இன்னொருவர் இரட்டை முக்காற்புள்ளி போடக்கூடாது என்று விதி வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"இவ்வளவும் எதுக்குடி? தினம் பேசிக்கிட்டா போதும்ல."

"பேச மறந்துட்டா? அன்னைக்கு மறந்தேன்ல?"

"சரி, செய்யி" என்றாள்.

ஒரு வாரத்தில் பிரித்து முடித்தேன். வேலை மிகச் சுத்தமாக நடந்தது. பெயர் மோதவே இல்லை. அவள் எதை மாற்றினாலும் என் பக்கம் அசையாது. நிரலைச் சேர்த்து வைக்கும் பொதுக் களஞ்சியத்தில் அவள் திருத்தங்கள் வந்து சேரும், பக்கத்தில் 'சரி' என்று ஒற்றைச் சொல்லில் குறிப்பு இருக்கும். நான் கேட்பதற்கு எதுவும் இல்லை. முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு முறை பேசினோம். பிறகு ஒரு முறை. பிறகு பண்டிகைக்குப் பண்டிகை வாழ்த்துப் படம் அனுப்பிக்கொண்டோம்.

குறுவை அறுவடை நேரத்தில் ஒருநாள் மூன்றரை மணிக்கு அவள் கூப்பிட்டாள். நான் களத்தில் இருந்தேன், நெல் தூற்றும் சத்தம்.

"என்னடி, ஏதாச்சும் உடைஞ்சிடுச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல. சும்மாதான்."

"நான் களத்துல இருக்கேன். அப்புறம் கூப்பிடறேன்."

"சரிடி."

கூப்பிடவில்லை. மறக்கக்கூட இல்லை; நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போனது. அவள் திருத்தங்கள் வந்துகொண்டுதான் இருந்தன, அதனால் அவள் நன்றாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். சித்திரையில் அதுவும் நின்றது. மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையில். கடல் பக்கம் மாற்றுவதற்கு என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

வைகாசி கடைசியில் அவள் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். செய்தியின் அடியில் குறை சொல்வதற்காகப் போடும் எண் என்னுடையது.

"தங்கச்சி, ஒரு உதவி." குரல் விலகி இருந்தது. "எங்க பாப்பா போனுக்கு இன்னும் மெசேஜ் வந்துகிட்டே இருக்கு. அஞ்சு மணி ஆனா அம்மா அந்த போனை எடுத்து வச்சுகிட்டு உக்காந்துடுறாங்க. அதை மட்டும் நிறுத்திடும்மா."

"ஏண்ணே, அவ நம்பரை மாத்திட்டாளா?"

"உனக்குத் தெரியாதா?"

"என்னதுண்ணே?"

"பதினாறு முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சும்மா."

எனக்குப் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். புரிந்தது. ஆனால் என் வாய், "யாருக்குண்ணே?" என்று கேட்டது. அவர் பொறுமையாக, ஒரு குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். மார்பில் கட்டி. தெரிய வந்தபோதே முற்றியிருந்தது. எட்டு மாதம் வெளியூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்திருக்கிறார்கள். "உன்கிட்ட தானே சொல்லிக்கிறேன்னு சொன்னா. சொல்லிட்டான்னு நாங்க இருந்துட்டோம். நீ வரலையேன்னு அம்மாவுக்கு ஒரு வருத்தம்."

எட்டு மாதத்தைப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். குறுவை நெல் தூற்றிக்கொண்டிருந்த சமயம்.

மறுநாள் மதியம் கருக்களாச்சேரிக்குப் போனேன். தடைக்காலம் முடியப்போகிறது என்று கரையில் படகுகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் பாயைக் காட்டினார். உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அந்த வீட்டுக்குள் அது வரவில்லை.

"ரெண்டு பேருக்கும் சண்டையா பாப்பா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. ஒரு சண்டையும் இல்ல."

"தினம் பேசுவீங்க. போன் சூடாவுற வரைக்கும் பேசுவீங்க. அப்புறம் நின்னுபோச்சு. ஏண்டி அவ பேசறதில்லன்னு நான்தான் ஒருநாள் கேட்டேன். 'அவளுக்கு இப்ப எங்கிட்ட கேக்க ஒண்ணும் இல்லம்மா'ன்னா."

பெயர்கள், மோதல், பிரித்து வைத்தது என்று சொல்ல ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். சொன்னாலும், பெயர் மோதவில்லை என்பதற்காகவா பேசாமல் இருந்தாய் என்றுதான் கேட்டிருப்பார். அந்தக் கேள்வி நியாயமானது. பேக்கேஜ் யாரையும் பேசாதே என்று சொல்வதில்லை. பேசாமல் இருந்தது நான்.

"ஆஸ்பத்திரிலயும் அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியை மடியில வச்சுகிட்டே இருப்பா" என்றார் அம்மா. "நர்ஸம்மா திட்டும். அண்ணன் கடலுக்குப் போவுது, இது சரியா இருக்கணும்னு சொல்லுவா. கடைசி ஒரு மாசம்தான் தூக்க முடியல."

ஐந்து மணி ஆவதற்குச் சற்று முன் அம்மா அவளுடைய போனை எடுத்து வந்து எங்கள் நடுவில் வைத்தார். எல்லாருக்கும் அனுப்புவதற்கு ஒரு நிமிடம் முன்பாகத் தன் எண்ணுக்கு மட்டும் முதல் செய்தி வரும்படி அவள் எழுதி வைத்திருந்தாள். ஏதாவது தப்பாக இருந்தால் தன் கண்ணில் முதலில் படட்டும் என்று. அந்த தை மாதத்துக்குப் பிறகு சேர்த்தது.

"நிறுத்திடவாம்மா?"

"நிறுத்து. அதைப் பாத்துகிட்டு உக்காந்துருக்க முடியல." பிறகு, "இன்னைக்கு ஒரு நாள் வரட்டும். நாளையிலேருந்து நிறுத்து" என்றார்.

போன் ஒலித்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. என்னிடம் நீட்டினார். நான் படித்தேன். "நாளை காற்று மிதமாக வீசும். அலை ஒரு மீட்டர். சிறு படகுகள் போகலாம்." அவர் தலையை ஆட்டினார், யாரோ நேரில் சொல்லக் கேட்டது போல. போனை வாங்கி முந்தானையால் துடைத்து அலமாரியில் வைத்தார்.

மறுநாள் காலை வீட்டில் உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருந்த நிரலோடு இணைந்தேன். அவள் எண் இருந்த இடத்துக்கு 'முதல்-எண்' என்று பெயர் வைத்திருந்தாள். அது அவள் இடத்துக்குள் இருந்தது, வெளியே அறிவிக்கப்படாதது. நான் இரட்டை முக்காற்புள்ளி போட்டு 'கடல்::முதல்-எண்' என்று அடித்தேன். திரையில் பத்து இலக்கம் வந்தது. மனப்பாடமாகத் தெரிந்த எண்தான். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அதை வெறுமையாக்கினேன். அன்று ஐந்து மணிச் செய்தி நேராக எல்லாருக்கும் போனது.

கடல் பகுதியையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அமைப்பிடம் சொன்னேன். சில மாதங்கள் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு நன்றாக எழுதி வைத்திருந்தாள். ஐப்பசியில் கணிப்பு தருகிற இடத்தில் காற்றின் திசையைக் குறிக்கும் முறையை மாற்றிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அவள் கோப்பை முதல் வரியிலிருந்து படித்தேன்.

நாங்கள் பேசிப் பேசி வைத்த பெயர்களில் பல அங்கே இல்லை. தனி இடம் கிடைத்த பிறகு என்னிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை அல்லவா, தன் வீட்டுச் சொற்களாகவே வைத்துக்கொண்டிருந்தாள். காற்றுக்குக் காற்று ஒரு பெயர்: வாடை, கொண்டல், கச்சான், சோழகம். வாடை வடக்கிலிருந்து வருவது என்று மட்டும் எனக்குத் தெரியும். மற்றவற்றில் எது எந்தத் திசை என்பது உறுதியாகத் தெரியவில்லை. ஊகித்து எழுதப் பயமாக இருந்தது. அண்ணனைக் கூப்பிட்டேன்.

"கொண்டல் கிழக்கேருந்து வரும். சோழகம் தெக்கேருந்து. கச்சான்னா மேக்கேருந்து, கரையிலேருந்து கடலுக்கு அடிக்கிறது" என்றார். "இதெல்லாம் எங்கிட்ட கேட்டுக் கேட்டு நோட்டுல எழுதிகிட்டா. எத்தனை வேகத்துல நீ போவ மாட்டேன்னு ஒவ்வொண்ணுக்கும் கேப்பா."

"ஒண்ணு கேக்கணும்ணே. மத்த காத்துக்கெல்லாம் நாப்பத்தஞ்சு தாண்டுனாத்தான் ஆபத்துன்னு வச்சிருக்கா. கச்சானுக்கு மட்டும் முப்பதுன்னு இருக்கு. தெரியாம அடிச்சிட்டாளோன்னு…"

"இல்லம்மா. தெரிஞ்சுதான் வச்சிருக்கும். கச்சான் படகை வெளியே தள்ளிகிட்டே போயிடும். இன்ஜின் நின்னுபோச்சுன்னா திரும்பறது கஷ்டம். எங்க அப்பா போனது கச்சான்லதான். பாப்பா அப்ப அஞ்சாவது."

அவள் அப்பா கடலில் போய்விட்டார் என்று கல்லூரி நாளிலேயே எனக்குத் தெரியும். எப்படி என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் என் பெயரைக் கொண்டுபோய் அழித்த அந்த 'ஆபத்தா?'வுக்குள் அந்த முப்பது அப்போதே இருந்திருக்கிறது. எத்தனையோ முறை அதைப் பார்த்திருக்கிறேன்; இந்த எண் ஏன் சிறியது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"தங்கச்சி, லைன்ல இருக்கியா?"

"இருக்கேண்ணே."

"அதை மாத்திடாத."

"மாத்தலண்ணே."

படகில் ஐஸ் ஏற்ற ஆள் வந்துவிட்டார் என்று அவர் போனை வைத்தார். நான் திசையைப் படிக்கும் வரிகளை மட்டும் திருத்தி, நான்கு காற்றுக்கும் சோதித்துப் பார்த்து ஏற்றினேன். பிழை எதுவும் வரவில்லை. குறிப்பு எழுதும் இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, திசை மட்டும் மாற்றப்பட்டது, வேறெதையும் தொடவில்லை என்று எழுதினேன்.